செதில் வைத்த பாஸ்

அவர் தன் வாயால் பாஸ் என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஆளைத்தான். அந்த ஆளுக்குச் செதில் இருந்தது, வால் இருந்தது, எடை ஐந்து கிலோவுக்குக் குறையாது.

மற்றபடி வளைகுடாவில் பதினோரு வருடம் இருந்தும் சார், பாஸ், அர்பாப், முதலாளி என்று மேலே இருக்கிற எவரையும் அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிடிவாதம் என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும். அந்தக் குணத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரை நினைக்காமல் ஒரு குளிர்காலம் போவதில்லை.

நாங்கள் இருந்தது துபாயிலிருந்து ஹத்தாவுக்குப் போகும் மலைப்பாதையை ஒட்டிய ஒரு மஸ்ராவில். மஸ்ரா என்றால் பண்ணை. பேரீச்சை, எலுமிச்சை, ஆடுகளுக்குப் புல், நடுவில் பாசனத்துக்காக வெட்டிய ஓர் ஏரி. எட்டுப் பேர் வேலை பார்த்தோம். நான் போர்வெல் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டதால் எனக்கு ‘மோட்டார்’ என்றே பெயர். டிராக்டர் ஓட்டுகிறவன் ‘டிராக்டர்’. சமையல்காரர் ‘கிச்சன்’. ஆட்டுப்பட்டியைப் பார்த்த பங்களாதேஷ்காரர் ‘பக்ரி’. மேனேஜர் அப்படித்தான் கூப்பிடுவார், நாங்களும் எங்களுக்குள் அப்படியே பழகிவிட்டோம். “ஏ மோட்டார், டீ குடிக்க வா” என்றால் ஓடுவேன். ஊரிலிருந்து போன் வரும்போதுதான் எனக்கு வேறொரு பெயர் இருப்பது நினைவுக்கு வரும்.

அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஐம்பது தாண்டியிருந்தார். குட்டையான உருவம், நரைத்த மீசை, நடையில் மட்டும் ஒரு மிதப்பு. மரங்களுக்குத் தண்ணீர் கட்டும் வேலைக்கு வந்து சேர்ந்த முதல் நாளே ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டார்.

“மோட்டாருங்க” என்றேன்.

“மிசினு பேரையா கேட்டேன்? ஆத்தா வெச்ச பேரைச் சொல்லுப்பா.”

சொன்னேன். அன்றிலிருந்து அவர் ஒருவர் மட்டும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டார். முதலில் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

மேனேஜரும் தமிழ்க்காரர்தான். பெயர் செல்வராஜ். இதை எழுதும்போதே எனக்கு இப்போதும் கை கூசுகிறது. ஆறு வருடம் ‘சார்’ என்று மட்டுமே சொன்ன வாய் என்னுடையது. வந்த அன்று மாலையே நம்மாள் ஆபீஸ் அறை வாசலில் நின்று, “செல்வராஜ், எங்க ரூம்ல ஃபேன் ஓடலைங்க. என்னன்னு பாக்கச் சொல்லுங்க” என்றார்.

 மேனேஜர் உள்ளேயிருந்து, “யாருய்யா செல்வராஜ்?” என்றார்.

“நீங்கதான். பேரை மாத்திட்டீங்களா?”

 வெளியே வந்தவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், “அண்ணே, சார்னு சொல்லுங்கண்ணே, என்ன குறைஞ்சா போயிரும்?” என்றேன்.

“மரியாதை வேணும்னா ‘ங்க’ போடுறேன். ரெண்டு ‘ங்க’ வேணும்னாலும் போடுறேன். பேரு வெச்சது எதுக்கு, கூப்பிடத்தானே?”

உண்மையில் அவர் மரியாதைக் குறைவாக நடந்து நான் பார்த்ததில்லை. வாங்க, போங்க என்றுதான் பேசுவார். பெரியவர் வந்தால் எழுந்து நிற்பார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கு வராது. ஃபேன் அதன் பிறகு இருபத்திரண்டு நாள் ஓடவில்லை. அவர் வெளியே கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தூங்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பண்ணையின் சொந்தக்காரரான அரபுக் கிழவருக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஹமத் என்பவரின் தந்தை என்பதால் அவருடைய சொந்தக்காரர்கள் அவரை அபு ஹமத் என்று கூப்பிடுவார்கள். நாங்கள் தலையைக் குனிந்து ‘அர்பாப்’ என்போம். நம்மாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நேரே போய்க் கையை நீட்டி, “சலாம், அபு ஹமத்” என்றார்.  கிழவர் அந்தக் கையை விடவே இல்லை. இவர் பெயரைக் கேட்டு, மூன்று தடவை சொல்லிப் பார்த்து, சரியாக வந்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார். பிறகு எப்போது வந்தாலும் காரை விட்டு இறங்கியதும் இவர் பெயரைச் சொல்லித்தான் தேடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை போய்விடும் என்பது நாம் விமானத்தில் கூடவே கட்டி எடுத்து வந்த சரக்கு. அந்த ஊரில் அதை யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு சொல்கிற நான் அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை டிராக்டர் அவரை மீனோடு வீடியோ எடுத்துப் பெயரும் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டான். அவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அழிக்கும் வரை எழுந்திருக்க விடவில்லை. “பேரு கூப்பிடத்தான். கூவி விக்கிறதுக்கு இல்ல” என்றார். அதனால் எழுதவில்லை.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஏரியில் அபு ஹமத் ஆசைப்பட்டு மீன்குஞ்சு வாங்கி விட்டிருந்தார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், மீன்களுக்கு அது ஒத்துக்கொண்டது. குஞ்சு வந்த பிளாஸ்டிக் பையில் இங்கிலீஷில் பெயர் அச்சடித்திருந்தது. “என்ன போட்டிருக்கு, படி” என்றார் என்னிடம். பி, ஏ, எஸ், எஸ் என்று எழுத்துக் கூட்டி, “பாஸ்” என்றேன்.

“என்னது?”

“பாஸ்ணே. மீனு பேரே பாஸ்.”

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. “இது நம்ம கொடுவாய்யா! சரி, அவரு அப்படித்தான் கூப்பிடணும்னு பையிலேயே எழுதிட்டு வந்திருக்காரு. கூப்பிட்ருவோம்.”

குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் விடியற்காலை நடுங்கும். துபாயில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். நாங்கள் இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு அடுப்படியை விட்டு நகர மாட்டோம். ஏரித் தண்ணீரில் கையை வைத்தால் விரல் மரத்துப்போகும். கொடுவாய்க்குக் குளிர் ஆகாது. ஆழத்தில் போய் முடங்கிக்கொள்ளும், தீவனம் போட்டால் அப்படியே மிதக்கும். குளிர்காலத்தில் மீன் கடிக்காது என்பது பண்ணையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு என்னிடம் வந்து மோட்டாரைப் போடச் சொல்வார். போர்வெல் தண்ணீர் பூமிக்கு அடியிலிருந்து வருவதால் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். குழாய் வாயில் ஆவி பறக்கும். குளிக்கத்தான் கேட்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கைலியைத் தொடைக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, குழாய்க்குப் பத்தடி தள்ளி, வெந்நீர் வந்து சேராத குளிர்ந்த தண்ணீரில் இறங்கி நிற்பார். கையில் தங்கூசி என்கிற நைலான் நரம்புச் சுருள். தூண்டில் முள்ளில், வாய்க்காலில் பிடித்த சின்ன ஜிலேபிக் கெண்டை, உயிரோடு.

“பாஸுக்குக் குளிருதுப்பா. வென்னி எங்க விழுதோ அங்கிட்டுத்தான வருவாரு? வெரசா இழுக்கக் கூடாது. குளிர்ல அவருக்கு அவசரம் கெடையாது, நமக்கும் இருக்கக் கூடாது.”

“கரையில நின்னு போடுங்கண்ணே. காலு வெறைச்சுப் போயிரும்.”

“கரையில நின்னா நம்ம நெழலு வென்னி மேல விழுகும். பாத்துட்டாருன்னா திரும்பிப் போயிருவாரு. வெறைச்சா வெறைக்கட்டும். தண்ணி என்ன, என்னையச் சார்னு கூப்பிடச் சொல்லுதா?”

பல் கிட்டித்துக்கொண்டே இதைச் சொல்வார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அசையாமல் நிற்பார். பிறகு தங்கூசி மெல்ல இறுகும். “வாங்க பாஸ், வாங்க, மெதுவா வாங்க” என்று கொஞ்சிக்கொண்டே இழுப்பார். சின்னதென்றால் எங்கள் குழம்புக்கு வரும். அந்த ஐந்து கிலோக்காரர் மாட்டினால் மட்டும் முள்ளைக் கழற்றி, “போயிட்டு வாங்க பாஸ்” என்று விட்டுவிடுவார். பிடிக்கக் கூடாதென்று யாரும் சொல்ல முடியாது. அபு ஹமத் வாயால் கொடுத்த அனுமதி அவருக்கு இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பெரிய மீன் ஒன்று மாட்டியதும் நம்மாள் ஒரு கையால் தங்கூசியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பண்ணை வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டார். “எல்லாரும் ஓடியாங்கப்பா! பாஸு மாட்டிக்கிட்டாரு! நல்லாக் கொழுத்திருக்காரு, வாயைத் தொறந்து தொறந்து மூடுறாரு! தலையில ஒரு போடு போட்டா அடங்கிருவாரு!”

மேனேஜர் அந்தக் குழுவில் இருந்தார் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. செய்தியைக் கேட்ட மேனேஜர் அறைக்கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்து, “மோட்டார், அந்தாளு கையில என்ன வெச்சிருக்கான்?” என்றார். “மீன் சார்” என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மற்றவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டார்.

அது வெளியே வந்தது அடுத்த மார்கழியில்.

நம்மாளுக்கு ஒரே மகள். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. மகள் கல்யாணத்துக்கே பேப்பர் வேலை முடியாமல் அவரால் போக முடியவில்லை. போனில் பார்த்துத்தான் அட்சதை போட்டார். இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். மாசிப் பிறப்பை ஒட்டி நாள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தாய்வீடு என்றால் அவர் ஒருவர்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, மகளைக் கூட்டி வந்து பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு மாதம் லீவு கேட்டார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “சார், லீவு கொடுங்க சார்னு ஒரு வார்த்தை கேளு. இப்பவே கையெழுத்துப் போடுறேன்” என்றார்.

“லீவு எனக்கு வரவேண்டியது, செல்வராஜ். மூணு வருசம் ஆச்சு. கொடுங்க.”

“அப்ப இல்ல.”

பத்து நாள் இப்படியே போயிற்று. மகள் தினமும் போன் செய்தாள். “வந்துருவேம்மா” என்று சொல்லிவிட்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்குப் பொறுக்கவில்லை. “முறைப்படி எழுத்துல கொடுப்போம்ணே, இங்கிலீஷ்ல நான் எழுதித் தர்றேன்” என்றேன். “செல்வராஜ் அவர்களுக்குன்னு ஆரம்பி” என்றார். நான் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தமிழில் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் முதல் வரியைப் படித்ததும், காலையில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகப் பேப்பரை மேசையில் வைத்துக்கொண்டார்.

அத்தோடு மேனேஜர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாள் காலை டீ குடிக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும், “கடைசியில சாருன்னு எழுதிட்டாருல்ல! வழிக்கு வந்துதானே ஆகணும்” என்றார்.

நம்மாள் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நான் சொன்னது என்ன, நீ எழுதுனது என்ன?”

எனக்கும் கோபம் வந்தது. “மூணு எழுத்துண்ணே! உங்க மகளுக்காகத்தான எழுதுனேன்? புள்ளத்தாச்சி அங்க வழி பாத்துக்கிட்டு இருக்கு!”

“எம் மகளுக்கு வேணும்னா நான் நீந்திப் போவேன். எனக்குப் பதிலா நீ கும்பிடு போடாத.”

ஆபீஸுக்குள் போனார். நானும் மேனேஜரும் பின்னாலேயே ஓடினோம். மேசை மேல் இருந்த அந்தப் பேப்பரை எடுத்தார். மேனேஜரின் பேனாவையே எடுத்து, ‘எந்த வார்த்தை?’ என்று என்னைக் கேட்டார். காட்டினேன். அந்த வார்த்தையை ஒரே கோடாக அடித்து, மேலே தமிழில் முத்து முத்தாக ‘செல்வராஜ்’ என்று எழுதி, “இப்பப் போடுங்க கையெழுத்து” என்று நீட்டினார். மேனேஜர் முகம் கருத்துப்போய், லீவு கேன்சல் என்று கத்தினார்.

நம்மாள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கெட்டது எனக்குத்தான். மறுநாள் காலை குழாயடியில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவர், “சார், கொஞ்சம் தள்ளுங்க சார்” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. “சாப்பிட்டீங்களா சார்?” “ஸ்விட்சை அணைச்சாச்சா சார்?” ஒரு மாதம் முழுக்க இதேதான். அந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இருந்தது ஒரே ஒரு வாய். ஒரு சொல்லை எழுதி அதையும் இழந்தேன். நல்லது செய்யப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டேன் என்று மனதுக்குள் திட்டினேன். ஒரு நாள் மோட்டார் ரூமில் உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

தை பாதியில் அபு ஹமத் நண்பர்களோடு வந்து கூடாரம் போட்டார். குளிர்காலம்தான் அவர்களுக்குப் பண்ணைக் காலம். தன் ஏரி மீனைப் பற்றி அவர்களிடம் பெருமையடித்து வைத்திருந்தார். விலை உயர்ந்த தூண்டில்களோடு இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. விருந்தாளிகளுக்குச் சத்தம் ஆகாது என்று மேனேஜர் மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தார். “மாஃபி சமக், பாஸ். மீன் இல்லை, குளிர் அதிகம்” என்று கையைப் பிசைந்தார். மீன் எங்கே, மீன் எங்கே என்று நண்பர்கள் கிழவரைச் சீண்டினார்கள். அவர் முகம் வாடிவிட்டது.

மூன்றாம் நாள் காலை நம்மாள் மோட்டார் ரூம் வாசலுக்கு வந்தார். “மோட்டாரைப் போடுங்க சார்.”

“சத்தம் வரக் கூடாதுன்னு மேனேஜர் ஆர்டர்ணே.”

“சரிங்க சார். உங்க இஷ்டம் சார்.”

சொல்லிவிட்டுப் போகவில்லை. நின்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் மேலா, மேனேஜர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. ஸ்விட்சைத் தட்டினேன். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. மேனேஜர் ஓடி வந்து, “யோவ் மோட்டார், நிறுத்துய்யா!” என்றார்.

“ஒரு மணி நேரம் ஓடட்டும்” என்றேன். சார் சேர்க்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குழாய் வாயில் ஆவி பறந்தது. நம்மாள் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினார். விருந்தாளிகள் கரையில் கூடி வேடிக்கை பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தங்கூசி இறுகியது. அவர் உடனே, “அபு ஹமத், வாங்க! பிடிங்க!” என்று கத்தினார். கிழவர் தன் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். “மெதுவா, அபு ஹமத், மெதுவா” என்று இவர் தமிழில் சொல்ல, அவர் அரபியில் ஏதோ பதில் சொல்ல, இருவருமாக ஐந்து கிலோக்காரரைக் கரையேற்றினார்கள். கரையே ஆரவாரித்தது.

இந்த மீனுக்கு உங்களிடம் என்ன பெயர் என்று கிழவர் கேட்டார். “பாஸ்” என்றார் இவர். “இங்க இருக்குற ஒரே பாஸு இவருதான்னு சொல்லுங்க சார்.” எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, உனக்கு என்ன வேண்டும், கேள் என்றார்.

“எனக்கு வேண்டியது செல்வராஜ்கிட்டப் பேப்பரா இருக்கு. அவரைக் கேக்கச் சொல்லுங்க.”

மேனேஜருக்கு அவசரம். ஓடிப்போய்ப் பேப்பரை எடுத்து வந்து, “பாருங்க பாஸ், என்னைப் பற்றி இதில் தமிழில் கெட்ட வார்த்தை எழுதியிருக்கிறான்” என்று அரபியில் முறையிட்டார். கிழவர் அந்தக் கோட்டையும் மேலே இருந்த எழுத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். படி என்றார்.

மேனேஜர் தமிழில் என்னிடம் மெதுவாக, “யோசிச்சுச் சொல்லு. நீ இங்க இருக்கணும்” என்றார். நம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அடித்திருக்கும் வார்த்தை ‘சார்’. அதை எழுதியது நான். மேலே இவர் எழுதியிருப்பது ‘செல்வராஜ்’. அவ்வளவுதான்” என்றேன்.

கிழவர் குழம்பிப்போய் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். “அது உன் பெயர் இல்லையா?”

“ஆமாம், பாஸ்.”

“உன் பெயரா கெட்ட வார்த்தை?”

 அபு ஹமத் பேப்பரை நண்பர் ஒருவரின் முதுகில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். நம்மாள் மீனைத் தண்ணீரில் இறக்கி, “போயிட்டு வாங்க பாஸ்” என்று விட்டார்.

அதற்கு அடுத்த மாதமே மேனேஜர் என்னை அஜ்மான் குடோனுக்கு மாற்றிவிட்டார். வெயிலில் மூட்டை அடுக்கும் வேலை. வருத்தமில்லை. போன முதல் நாள் அங்கிருந்த சூப்பர்வைசர், “உன்னை எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்க?” என்றார். என் முழுப் பெயரையும் சொன்னேன். அவர் பெயரையும் கேட்டேன். கொஞ்சம் முறைத்துவிட்டுச் சொன்னார்.

நம்மாள் திரும்பி வரவில்லை. பேத்தி பிறந்த பிறகு ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் கிளம்பிய காலையில் நான் மோட்டார் ரூமில் குனிந்து பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பிக்கப் வண்டி ஹார்ன் அடித்தது. அட்டைப்பெட்டியோடு வந்து அவர் வாசலில் நின்றது தெரிந்தது. இன்னொரு ‘சார்’ கேட்கத் தெம்பில்லாமல் தலையைத் தூக்காமலே இருந்தேன்.

“முருகேசா, வாரேன்ப்பா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மோட்டாரைப் போட்டு விடு. பாஸுக்குக் குளிரும்.”

அன்றைக்கு மோட்டார் ஓடவே இல்லை. இருந்தும், “காது கேக்கலண்ணே” என்றேன்.

அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.